எத்தனை மெகாவாட், எத்தனை மணி நேரம்? ஹார்ன்ஸ்டேல் பேட்டரியின் கணக்கு

[காட்சி: தெற்கு ஆஸ்திரேலியாவின் வரைபடம், ஜேம்ஸ்டவுன் அருகே ஒரு புள்ளி]

2016 செப்டம்பர் 28 அன்று வீசிய கடும்புயலில் உயரழுத்த மின்கோபுரங்கள் சாய்ந்து, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதன் பிறகு ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளை ஒட்டி, பிரெஞ்சுப் புதுப்பிக்கத்தக்க மின்னுற்பத்தி நிறுவனமான நியோயெனுக்காக டெஸ்லா அமைத்த லித்தியம் அயனி பேட்டரி 2017 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 100 மெகாவாட்; கொள்ளளவு 129 மெகாவாட்-மணி.

இவ்விரு எண்களையும் ஒன்றாகக் கருதுவதால்தான் பல திட்டங்களில் பணம் வீணாகிறது. மெகாவாட் என்பது எவ்வளவு வேகமாக மின்சாரம் தர முடியும் என்பதைக் குறிக்கிறது. அதற்கான செலவு, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டரிலும் மின்மாற்றியிலும் சேர்கிறது. மெகாவாட்-மணி என்பது எவ்வளவு சேமிக்க முடியும் என்பது. அதற்கான செலவு பேட்டரி செல்களில் சேர்கிறது.

[காட்சி: பேட்டரி இரு பங்குகளாகப் பிரிகிறது]

ஹார்ன்ஸ்டேலில் 70 மெகாவாட் திறன் மின்தொகுப்பின் நிலைத்தன்மைக்காக அரசுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதற்கான கொள்ளளவு ஏறத்தாழ 10 மெகாவாட்-மணி மட்டுமே. முழுத்திறனில் இயக்கினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. மீதமுள்ள 30 மெகாவாட்டுக்கு 119 மெகாவாட்-மணி, அதாவது ஏறக்குறைய 4 மணி நேரத்துக்கானது, ஒதுக்கப்பட்டது. மலிவான நேரத்தில் வாங்கி விலை ஏறும்போது விற்கும் வேலை இந்தப் பங்கினுடையது.

அந்தப் பத்து நிமிடத்துக்கும் குறைவான இருப்பு ஏன் போதுமானது என்பதை 2017 டிசம்பர் 14 அன்று நடந்த நிகழ்வு விளக்குகிறது. விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி மின்நிலையத்தில் 560 மெகாவாட் தந்துகொண்டிருந்த அலகு திடீரென நின்று, உற்பத்தி தேவைக்குக் குறைந்ததால் மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரிந்தபோது, நெடுந்தொலைவில் இருந்த ஹார்ன்ஸ்டேல் சுமார் 7 மெகாவாட்டை உடனடியாகச் செலுத்தியது. செலவான ஆற்றல் மிகக் குறைவு. இத்தகைய சேவைக்குக் கட்டணம் கிடைப்பது, ஆயத்தமாகக் காத்திருப்பதற்காக. ஆகவே செல்களும் அதிகம் தேய்வதில்லை.

[காட்சி: ஒரு நாளின் விலை வரைபடம், நண்பகலில் பள்ளம், மாலையில் உச்சம்]

வாங்கி விற்பதில் கணக்கு கடுமையானது. எடுத்துக்காட்டாக, ஒரு மெகாவாட்-மணியை 50 டாலருக்கு வாங்குவதாகவும், போட்டதில் 85 சதவீதமே திரும்பக் கிடைப்பதாகவும் கொள்வோம். அப்படியானால் விற்கும் ஒவ்வொரு மெகாவாட்-மணிக்கும் கொள்முதல் செலவு ஏறத்தாழ 59 டாலர். ஒரு மெகாவாட்-மணி கொள்ளளவுக்கு 3 லட்சம் டாலர் முதலீடு செய்து, 6,000 சுழற்சிகள் (ஒரு சுழற்சி என்பது ஒருமுறை முழுதாக நிரப்பிக் காலியாக்குவது) பயன்படுத்தினால், தேய்மானம் மேலும் 50 டாலர். 109 டாலருக்குக் குறைவான விலைக்கு விற்கும் நாளில் பேட்டரியை இயக்காமல் விடுவதே லாபம். தினமும் ஒரு சுழற்சி கட்டாயம் என்று எழுதப்படும் இயக்க விதிகளை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

கொள்ளளவைக் கூட்டுவதற்கும் இதே அளவுகோல் பொருந்தும். முதல் மணி நேரத்துக்கான கொள்ளளவு மாலையின் மிக உயர்ந்த விலையைப் பிடிக்கிறது. நான்காவது மணி நேரத்துக்கு எஞ்சியிருப்பது சுமாரான விலையே. அதிர்வெண்ணைச் சீராக வைக்கும் சேவைக்கான சந்தையும் சிறியது: புதிய பேட்டரிகள் நுழைய நுழைய அதன் விலை சரிகிறது. எனவே ஒரே வருவாயை நம்பி அளவைத் தீர்மானிப்பது ஆபத்தானது.

2020இல் ஹார்ன்ஸ்டேல் 150 மெகாவாட்டாகவும் 193.5 மெகாவாட்-மணியாகவும் விரிவாக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த பகுதி முழுத்திறனில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். சுழலும் ஜெனரேட்டர்கள் இயல்பாகத் தரும் நிலைமத்தை, அதாவது அதிர்வெண் சட்டென மாறாமல் தடுக்கும் தன்மையை, இன்வெர்ட்டர் வழியாகத் தரும் சேவையையும் 2022இல் அது தொடங்கியது. அதற்காகக் கூடுதல் செல்கள் தேவைப்படவில்லை. இன்வெர்ட்டர்களின் கட்டுப்பாட்டு முறையை மாற்றியதே போதுமானதாக இருந்தது.