பைனஸ் காயும் கவ்வாத்து மலாரும்

வணக்கம் நேயர்களே.

பண்டிகைக்கு வீட்டைச் செலவில்லாமல் அலங்கரிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் பேசப்போவது பெரும்பாலும் உலர்த்துவதைப் பற்றித்தான். மார்கழி மழையிலும் பனிமூட்டத்திலும் மலைநாட்டில் எதுதான் எளிதில் காய்கிறது?

நான் முதன்முதலில் கட்டிய நத்தார் வளையத்தில் மூன்றாம் நாளே வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதில் மலர்ந்திருந்த பைனஸ் காய்கள், அதாவது பைன் மரத்தின் செதில் செதிலான காய்கள், மொட்டுப்போல மூடிக்கொண்டன. மனம் மிகவும் நொந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. பைனஸ் காயின் ஒவ்வொரு செதிலிலும் வெளிப்புறம், ஈரம் பட்டால் உட்புறத்தைவிட அதிகமாக நீளும்; செதில் உள்நோக்கி வளையும். காய்ந்தால் மறுபடி விரியும். மரத்திலிருந்து விழுந்து மாதக்கணக்கான காயும் இப்படித்தான். ஆகவே பொறுக்கி வந்தவுடன் கட்டாதீர்கள். விறகடுப்புக்கு மேலே சாக்கில் பரப்பி, நாலைந்து நாள் விட்டுவிடுங்கள். நெருப்புக்கு மிக அருகில் மட்டும் வேண்டாம். காயில் பிசின் இருக்கிறது. கட்டிய பிறகும் விளக்கு, மெழுகுதிரி பக்கத்தில் தொங்கவிடக் கூடாது.

வளையத்துக்குக் கம்பி வாங்கத் தேவையில்லை. கொடித்தோடைக் கொடியைப் பச்சையாகவே சுற்றிக் கட்டி உலரவிடுங்கள். உலரும்போது சுருங்கும், இன்னொரு முறை இறுக்கிக் கட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கவ்வாத்து மலார், அதாவது தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டிப்போடும் கிளை. விறகுக்குக் கட்டிவரும் சுமையில் அழகாகக் கிளை பிரிந்த ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள். வயதான தேயிலைக் கிளையில் சாம்பல் நிறப் பாசி படிந்திருக்கும். வர்ணம் பூச அவசியமே இல்லை. பால்மா டின்னில் கல் நிரப்பி அதை நட்டு, தேயிலைக் கொட்டைகளையும், வெடித்து மூன்று இதழாக நிற்கும் அதன் தோடுகளையும் நூலில் கோத்துத் தொங்கவிடுங்கள். கொழுந்து பறிக்காமல் காடாகிப்போன மலைகளில் கொட்டை நிறையவே கிடைக்கும்.

தோரணத்துக்குத் தென்னங்குருத்து கீழ்நாட்டிலிருந்துதான் வரவேண்டும். யூகலிப்டஸ் இலையை நூலில் கோத்துப் பாருங்கள். காய்ந்த பிறகும் வாசம் இருக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். காட்டுக்குள் போய்ப் பாசியையும், மரம்போல வளரும் பன்னமான மரப்பன்னத்தையும் பிடுங்காதீர்கள். சிவனொளிபாதமலைக் காடும், ஹோர்டன் சமவெளியும், நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. இந்த மலைக்காடுகளில் மரமும் பாசியும் பனிமூட்டத்தின் ஈரத்தைப் பிடித்து மண்ணில் இறக்குகின்றன. நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயில் விழும் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. பைனஸ் அப்படியல்ல, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். உதிர்ந்த காயை எவ்வளவு எடுத்தாலும் காட்டுக்கு நட்டமில்லை.

நத்தார் முடிந்ததும் அந்தக் காய்களை வீசிவிடாதீர்கள். மூடி இறுக்கமான டின்னில் போட்டு வையுங்கள். தைப்பொங்கல் காலையில், விறகு நனைந்திருந்தாலும், இரண்டு காய் போதும், அடுப்பு பற்றிக்கொள்ளும்.