தனி பால்கனியோடு ஒரு படுக்கையறை வீடு: வாடகைக்கு எடுக்கும் முன்

(திரையில்: இரண்டு பால்கனிகளின் வரைபடம்)

வணக்கம். இந்த இரண்டு பால்கனிகளையும் பாருங்கள். ஒன்று 5 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம். இன்னொன்று 2 மீட்டருக்கு 2 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் இரண்டுமே 4 சதுர மீட்டர்தான். ஆனால் முதலாவதில் ஒரு நாற்காலி போட்டுவிட்டால் ஆள் தாண்டிப் போக இடமிருக்காது. துணி காயப்போடலாம், அவ்வளவுதான். இரண்டாவதில் சின்ன மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். அதனால் வீடு பார்க்கப் போகும்போது டேப் எடுத்துப் போய், முதலில் அகலத்தை அளந்துவிடுங்கள்.

அப்புறம், கதவு எந்த அறையிலிருந்து திறக்கிறது? ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் இது பெரிய விஷயம். படுக்கையறை வழியாகத்தான் பால்கனிக்குப் போக முடியும் என்றால், வருகிற விருந்தாளி எல்லாரும் உங்கள் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவர் தூங்கினால் மற்றவருக்குப் பால்கனி கிடையாது. என்னைக் கேட்டால், ஹாலிலிருந்து திறக்கும் சின்ன பால்கனியே மேல்.

(திரையில்: தரை, மூலையில் தண்ணீர் போகும் துளை)

இப்போது தண்ணீர். திறந்தவெளி என்றாலே மழை வரும், செடித் தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரும் வழியும். தரை துளையை நோக்கி வாட்டமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். அனுமதி கேட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுவரோரம் தேங்கினாலோ வாசல்படியை நோக்கி ஓடினாலோ, பெருமழையில் உங்கள் ஹாலும் நனையும். உள்பக்கச் சுவரின் அடியில் பெயின்ட் உப்பி உரிந்திருந்தால் ஓதம் ஏறியிருக்கலாம். பால்கனிக்குப் பதில் மொட்டை மாடி உங்கள் பொறுப்பில் வருகிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே கசிந்தால் கீழ் வீட்டுக்காரர் உங்கள் கதவைத்தான் தட்டுவார்.

செடி வளர்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நனைந்த தோட்டத்து மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். 50 லிட்டர் தொட்டி என்றால் 75 கிலோவைத் தாண்டிவிடும், அதாவது ஒரு ஆள் எடை. பெரிய தொட்டிகளைக் கைப்பிடி ஓரமாக வரிசையாக வைக்காமல், கட்டடச் சுவரை ஒட்டி வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியின் விளிம்பில் ஏற்றும் பாரம்தான் அதை அதிகமாக வளைக்கும். தேங்காய் நார் கலந்த கலவை பயன்படுத்தினால் எடையும் குறையும்.

மேற்குப் பார்த்த பால்கனியை ஒருமுறையாவது மாலை வெயிலில் போய்ப் பாருங்கள். காலையில் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட் எந்தப் பக்கம் சூடான காற்றை ஊதுகிறது என்பதையும் கவனியுங்கள். பால்கனிக்குப் பதில் முற்றம் உள்ள தரைத்தள வீடு என்றால், மேலே எத்தனை வீட்டு ஜன்னல்கள் உங்கள் முற்றத்தைப் பார்க்கின்றன என்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

(திரையில்: வாடகை ஒப்பந்தம்)

சரி, பிடித்துவிட்டது. "மாடி முழுக்க உங்களுக்குத்தான்" என்று ஓனர் வாயால் சொல்வார். அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்: இந்த இடம் இந்த வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டும், கசிவு வந்தால் செலவு இன்னாருடையது, தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வருவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலை, கம்பி, நிழல்கூரை போடலாமா என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். எழுத மறுத்தால், அந்த இடம் இல்லாத வீடாகவே நினைத்து வாடகையைப் பேசுங்கள்.

சாவி வாங்குகிற அன்று தரை, துளை, கைப்பிடி, விரிசல் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் எதைப் பிடிக்கலாம் என்ற பேச்சு வந்தால், அந்தப் படங்களைக் காட்டலாம்.