நான்சி கிரிஃபித்தின் இசை மாற்றமும் ரசிகர்களின் தீர்ப்பும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஒரு பாடகர் தம் இசையின் தன்மையை மாற்றிக்கொள்ளும்போது, அதுவரை அவரை நேசித்துக் கேட்டவர்கள் ஏன் மனம் வருந்துகிறார்கள் என்பதை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த நான்சி கிரிஃபித்தை முன்வைத்துப் பேச விரும்புகிறேன். 1953இல் பிறந்து 2021இல் மறைந்த அவர், தம் பாடல்களைத் தாமே எழுதி, கிட்டாரைத் தாமே வாசித்துப் பாடியவர். ஆஸ்டின் நகரில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டுப் பாட்டையே வாழ்க்கையாக்கிக் கொண்ட அவரது இசை, நாட்டுப்புறப் பாடலுக்கும், அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமப்புறத்தில் வேர்கொண்ட கண்ட்ரி இசைக்கும் நடுவில் நின்றது.

ஜிம் ரூனி என்னும் தயாரிப்பாளரின் துணையுடன் 1984இலும் 1986இலும் அவர் வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளே அவருடைய முதல் ரசிகர்களை உருவாக்கின. 1984ஆம் ஆண்டுத் தட்டில் பெலா ஃபிளெக்கின் பாஞ்சோ என்னும் நரம்பு வாத்தியமும், மார்க் ஓ'கானரின் ஃபிடில் எனப்படும் வயலினும், லாயிட் மெயின்ஸின் ஸ்டீல் கிட்டாரும் ஒலித்தன. இத்தனை வல்லவர்கள் கூடியிருந்தும் எவரும் பாட்டின் மேல் ஏறி நிற்கவில்லை. சொல் முடிந்த பிறகே வாத்தியம் பேசியது. கிரிஃபித்தின் குரல் மெல்லியது, சிறுமியின் குரலைப் போன்ற கூர்மை கொண்டது. அந்தக் குரலுக்கு அப்படிப்பட்ட இடைவெளி மிகவும் தேவைப்பட்டது.

1987இல் எம்.சி.ஏ. என்னும் பெரிய இசைத்தட்டு நிறுவனம், கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரில் இயங்கிய தன் பிரிவில் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கண்ட்ரி வானொலி நிலையங்கள் அவர் குரலுக்குப் பெரிய இடம் தரவில்லை. அவர் எழுதிய 'லவ் அட் தி ஃபைவ் அண்ட் டைம்' என்ற பாடலைக் கேத்தி மட்டேயா பாடியபோது, அதே நிலையங்கள் அதை 1986இல் பெரும் வெற்றிப் பாடலாக்கியிருந்தன. பாட்டை ஏற்றுக்கொண்டு பாடியவரை ஒதுக்கிய இந்த நிலையை நினைவில் கொள்ளாமல், அடுத்து வந்த மாற்றத்தைப் பணத்தாசை என்று சொல்வது அநியாயம். அயர்லாந்து மக்களோ அவரைத் தங்கள் சொந்தப் பாடகியாகவே கொண்டாடினார்கள்.

1989இல் 'ஸ்டார்ம்ஸ்' வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ போன்ற ராக் குழுக்களோடு பணியாற்றிய கிளின் ஜான்ஸ் அதைத் தயாரித்தார். 1991இல் வந்த 'லேட் நைட் கிராண்ட் ஹோட்டல்' தட்டை ராட் ஆர்ஜென்ட், பீட்டர் வான் ஹூக் என்னும் இரண்டு ஆங்கிலேய இசைக்கலைஞர்கள் தயாரித்தார்கள். பாஞ்சோவும் ஃபிடிலும் பின்வாங்கி, டிரம்ஸும் கீபோர்டும் முன்னே வந்தன. பழைய ரசிகர்கள் பலர் இதைப் பிரிவாகவே உணர்ந்தார்கள். இந்தத் தட்டுகளின் வழியாகவே அவரை முதன்முதலில் அறிந்தவர்களுக்கோ அந்தக் குறை தெரியவே இல்லை. என் கருத்தைச் சொல்வதானால், 'ஸ்டார்ம்ஸ்' அதன் மீது வைக்கப்பட்ட பழியைவிட நல்ல தட்டு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரையும் அமெரிக்க நகரத்தின் இனவெறுப்பையும் ஒரே பாட்டில் சேர்த்துப் பார்த்த துணிவு அதில் இருக்கிறது. அடுத்த தட்டின் சில பாடல்களில்தான் வாத்தியங்களின் அடர்த்தி சொற்களை மூடிவிடுகிறது.

1993இல் ஜிம் ரூனியுடன் மீண்டும் இணைந்து அவர் செய்த 'அதர் வாய்சஸ், அதர் ரூம்ஸ்' தட்டு கிராமி விருது பெற்றது. பழைய ரசிகர்கள் அவர் வீடு திரும்பிவிட்டதாக மகிழ்ந்தார்கள். எனக்கு வியப்பளிப்பது இதுதான்: அந்தத் தட்டில் கிரிஃபித் எழுதிய பாடல் ஒன்றுகூட இல்லை. உடி கத்ரி, பாப் டிலன், டவுன்ஸ் வான் ஸான்ட், கேட் வுல்ஃப் முதலிய பிறருடைய பாடல்களையே அவர் பாடியிருந்தார். தங்களுக்குப் பிடித்த பாடலாசிரியை திரும்பி வந்ததாகக் கொண்டாடியவர்களுக்கு அவருடைய எழுத்து அதில் இல்லாதது ஒரு குறையாகப்படவில்லை என்றால், அவர்கள் அத்தனை ஆண்டுகள் ஏங்கியது குறிப்பிட்ட இசை வகைக்காக அல்ல, அருகில் அமர்ந்து பாடுவதுபோல் ஒலித்த அந்தக் குரலுக்காகவே என்று நான் நினைக்கிறேன். அந்த ஏக்கத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அது காதின் நியாயமான முறையீடு.

கிரிஃபித் அதன் பிறகும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1994இல் ராக் இசைக்கலைஞர்களின் துணையுடன் சொந்தப் பாடல்களுக்குத் திரும்பினார். 1999இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு தம் பழைய பாடல்களை மீண்டும் பதிவு செய்தார். முன்பு குறிப்பிட்ட 'லவ் அட் தி ஃபைவ் அண்ட் டைம்' அதிலும் உண்டு. 'ஃபைவ் அண்ட் டைம்' எனப்பட்ட மலிவு விலைக் கடைகளில் ஒன்றான வூல்வொர்த் கடையில் வேலை செய்யும் ரீட்டா என்னும் பெண்ணின் காதலையும் இல்வாழ்வையும் சொல்லும் பாட்டு அது. 1988இல் ஹூஸ்டன் நகரின் சிறிய அரங்கொன்றில் பதிவான நேரடி நிகழ்ச்சியில், பாட்டுக்கு முன் அந்தக் கடைகளைப் பற்றிப் பேசும் கிரிஃபித், அங்கிருந்த மின்தூக்கியின் மணியோசையைக் கிட்டார் நரம்பிலேயே எழுப்பிக் காட்டுகிறார், அரங்கம் சிரிக்கிறது, ரீட்டா நம் கண்முன் வந்துவிடுகிறாள். ஆர்கெஸ்ட்ரா வடிவம் அழகானதுதான், ஆனால் அதில் ரீட்டா சற்றுத் தள்ளி, மேடை விளக்குகளுக்கு நடுவே நிற்கிறாள். வாய்ப்புள்ள நேயர்கள் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டு, எந்த வடிவத்தில் அந்தப் பெண் தங்களுக்கு அருகில் வருகிறாள் என்பதைத் தாங்களே முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.