மூன்று நாளாக அடிக்காத கைப்பேசி

வணக்கம் நண்பர்களே. முதலில் இந்தக் கைப்பேசியைப் பாருங்கள். மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. மூன்று நாட்களாக இதே கோலம்தான். நோட்டுப் புத்தகம் தைக்கும் என் பட்டறையிலிருந்து ஓர் அழைப்புக்கூட இல்லை. முதல் நாள், ஒலியை அணைத்துவிட்டேனோ என்று இருமுறை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் வீட்டிலிருக்கும் இன்னொரு பேசியிலிருந்து எனக்கு நானே அழைத்துப் பார்த்தேன். அடித்தது. மணியில் எந்தக் கோளாறும் இல்லை. ஆட்கள்தான் கூப்பிடவில்லை!

என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "பசை தீர்ந்துவிட்டது", "நாடா எந்த நிறம்?" என்று யாராவது குறுக்கே வருவார்கள். அவற்றை வெட்டாமல் அப்படியே போட்டிருக்கிறேன். உங்கள் காணொளிகளுக்குப் பின்னணி இசையே அந்த மணிதான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்று சிரித்தேன். இரவில் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

ஆகவே இன்று நோட்டுப் புத்தகம் தைப்பதைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஆள் எடுப்பதைப் பற்றியும், எடுத்த ஆளிடம் வேலையை உண்மையாகவே விட்டுவிடுவதைப் பற்றியும் பேசப்போகிறேன்.

சென்ற ஆண்டு ஒருவரை வேலைக்கு எடுத்தேனே, நினைவிருக்கிறதா? "அருமையான ஆள் கிடைத்துவிட்டார்" என்று தலைப்பு வைத்து ஒரு காணொளியே போட்டேன். நாற்பதாவது நாள் அவர் விலகிவிட்டார். அந்தக் காணொளியை நான் நீக்கவில்லை, என் முகத்தில் நானே கரி பூசிக்கொண்டதற்குச் சாட்சியாக இருக்கட்டும். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. நாற்பது நிமிட நேர்காணலில் முப்பது நிமிடம் பேசியது நான். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு தெளிவான மனிதர் என்று வியந்தபடி வீட்டுக்கு வந்தேன். அவரைப் பற்றி எனக்கு என்ன தெரிந்தது? நன்றாகத் தலையாட்டுவார் என்பது மட்டும்.

ஆள் தேர்வு முறைகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளை பால் சாக்கெட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2022-இல் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒரு முறையில் கிடைக்கும் மதிப்பெண்ணும் அந்த ஆள் பின்னால் செய்யும் வேலையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஓர் எண். 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சம்பந்தமே இல்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணலுக்கு 0.42. அதுதான் பட்டியலில் முதலிடம். மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.19. என் முப்பது நிமிடச் சொற்பொழிவுக்கு அதுகூட அதிகம்.

இந்த முறை மாற்றினேன். பொதி கட்டும் வேலைக்கு ஆறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு நோட்டுகள், ஒரு பெட்டி, அட்டை, ஒட்டும் நாடா. கட்டிக் கொடுங்கள், நான் நெஞ்சு உயரத்திலிருந்து மூன்று முறை கீழே போடுவேன் என்றேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆறு பேருக்கும் கூலி கொடுத்தேன். சோதனை என்ற பெயரில் ஓசியில் வேலை வாங்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. "ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று கேட்பவர்களையும்தான். இரண்டு மாதத்துக்குப் பின் நான் எங்கே இருப்பேன் என்பதே எனக்குத் தெரியாது.

ஐந்து பேர் நாடாவைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார்கள். ஆறாமவர் தொடுவதற்கு முன் கேட்டார்: "இது எத்தனை நாள் பயணம் போகும்? மழையில் நனையுமா?" அவர் கட்டிய பெட்டியிலும் ஒரு நோட்டின் மூலை நசுங்கத்தான் செய்தது. ஆனால் நான் வாய் திறப்பதற்குள் பெட்டியைப் பிரித்து, "இந்த மூலையில் இடைவெளி விட்டுவிட்டேன்" என்று காட்டினார்.

இதைச் சொல்ல மறந்துவிட்டேன். மதிப்பெண் போடுவதற்கு டேனியல் கானமனின் வழியைத்தான் எடுத்துக்கொண்டேன். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய உளவியலாளர். 1955-இல், இருபத்தொரு வயதில், இஸ்ரேல் ராணுவத்துக்காக ஒரு நேர்காணல் முறையை அமைத்தார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேள்விகள், தனித்தனி மதிப்பெண். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்காணல் செய்தவர்கள் முறைத்துக்கொண்டார்கள். சரி, ஆறையும் போட்டு முடித்தபின் கண்ணை மூடி, உங்கள் மனத்துக்குப் படுவதையும் ஒரு மதிப்பெண்ணாகப் போடுங்கள் என்றார். பிறகு பார்த்தால், கடைசியில் போட்ட அந்த மதிப்பெண்ணும் நன்றாகவே பலித்திருந்தது. எனக்கு இதில் பிடித்தது அந்த வரிசைதான். மனத்துக்குப் படுவது இருக்கட்டும், கடைசியில் வரட்டும். நானும் கண்ணை மூடினேன். அந்த நேரம் பார்த்து, மறந்துவைத்த குடையை எடுக்க ஒருவர் திரும்பி வந்தார். நான் தூங்குகிறேன் என்று நினைத்து, நுனிக்காலில் நடந்து வெளியே போனார்!

இப்போது நான்காவது வரிக்கு வருகிறேன். இதைப் பற்றி அதிக நேரம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொதி கட்டுவதற்கு ஒரு வழிமுறைத் தாள் எழுதியிருந்தேன். இரண்டு இரவு, சிவப்புப் பேனா, யார் எழுதியதைக் கண்டாலும் திருத்த நான் தூக்கும் அதே பேனா. நான்காவது வரி: "மூலைகளைக் கவனமாகப் பாதுகாக்கவும்." புதியவர், அதாவது நான் வேலைக்கு எடுத்த அந்த ஆறாமவர், படித்துவிட்டு, "எப்படி?" என்றார். "கவனமாகத்தான்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளைப் பார்த்தேன். எப்படி? எனக்கே சொல்லத் தெரியவில்லை. என் கை செய்கிறது, வாய்க்கு வரவில்லை.

ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று நான் கட்டுவதைப் பார்த்துவிட்டு, அவரே அந்த வரியை அடித்து எழுதினார்: "அட்டைத் துண்டை இரண்டு விரல் அகலத்துக்கு மடி. மூலைக்கு ஒன்றாக வை. பெட்டியை மூடி, காதருகே வைத்து ஆட்டு. சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டு."

காதருகே வைத்து ஆட்டு! ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு பெட்டியையும் நான் ஆட்டிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வேலை செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. முன்பு வேலை பார்த்தவர்கள் ஆட்டவில்லை, மூலைகள் நசுங்கின, நான் "கவனம் இல்லை" என்று கத்தினேன். எத்தனை பேர்மீது கத்தியிருக்கிறேன்! அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இதோ, சற்றுச் சாய்ந்திருக்கிறது, பிறகு நேராக்குகிறேன்.

சரி, மணி ஏன் நின்றது? 1974-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ என்ற மேலாண்மை இதழில் வில்லியம் ஆங்கென், டொனால்ட் வாஸ் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் ஒரு குரங்கு வருகிறது. பணியாளர் வந்து "ஒரு சிக்கல்" என்கிறார். "யோசித்துச் சொல்கிறேன்" என்கிறோம். அந்த நொடியில் அவர் தோளில் இருந்த குரங்கு நம் தோளுக்குத் தாவிவிடுகிறது. நாடாவின் நிறமும் அப்படியொரு குட்டிக் குரங்குதான். வேலையை ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, முடிவுகளை மட்டும் என் மடியில் கட்டிவைத்திருந்தேன். கூப்பிடாமல் என்ன செய்வார்கள்?

ஆகவே இரண்டு பட்டியல்கள். திருத்திக்கொள்ள முடிந்ததெல்லாம் ஒன்றில்: நாடா, பசை வாங்குவது, நசுங்கி வந்த நோட்டுக்கு மாற்று அனுப்புவது. இவற்றைச் செய்துவிட்டு மாலையில் ஒரு வரி எழுதினால் போதும். திரும்பப் பெற முடியாதவை மற்றொன்றில்: ஆளை நீக்குவது, பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. இவற்றுக்கு மட்டும் என்னைக் கேட்க வேண்டும்.

பட்டியல் போட்ட மறுநாளே என் லட்சணம் தெரிந்துவிட்டது. மூலை நசுங்கியதாக ஒரு வாடிக்கையாளர் எழுதியிருக்கிறார். புதியவர் படம்கூடக் கேட்காமல் மாற்று அனுப்பிவிட்டார். மாலையில் அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு படம் கேட்டிருக்கலாமே! கைப்பேசியை எடுத்துவிட்டேன், எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். ஒரு மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். அவர் திரும்பக் கூப்பிட்டு, "அழைத்தீர்களா?" என்று கேட்டார். "கை தவறிப் பட்டுவிட்டது" என்று பொய் சொன்னேன். இதை அவர் பார்த்தால் பார்க்கட்டும். அந்த வாடிக்கையாளர் இனி வாங்குவாரா, மாட்டாரா, நான் நினைத்தது சரியா, புதியவர் செய்தது சரியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முடிவு அவருடையது, அவ்வளவுதான். கணக்குப் பார்த்தால் போனது ஒரே ஒரு நோட்டு. அன்று இரவு நான் இழந்த தூக்கம் அதைவிட அதிகம்.

அடுத்த வாரம் தையல் மேசைக்கு இன்னோர் ஆள் எடுக்கிறோம். சோதனை வேலையை யார் வகுப்பது என்று கேட்டால், மூலை அட்டை மடித்தவரேதான். தாளை எழுதி முடித்து, அதோ அந்த உறையில் போட்டு வைத்திருக்கிறார். நான் இன்னும் பிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை மேல் அலமாரியில், நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து நாற்காலியை இரண்டு முறை நகர்த்திவிட்டேன்.