டிரையர் சூடு குறைந்ததை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் காலையில் இருந்து மழை விடவில்லை. எனக்குப் பின்னால் நீளமாகத் தெரிகிறதே, எங்கள் தேயிலை ஃபேக்டரியின் அந்தத் தொட்டியில் நேற்று மாலை வந்த கொழுந்து, தூளாக்குவதற்கு முன் ஈரம் குறைவதற்காக வாடிக்கொண்டிருக்கிறது. ஐப்பசியில் இலை ஈரத்தோடு வரும், வாட நேரம் பிடிக்கும். அது முடிவதற்குள் உங்களிடம் ஒரு விஷயம் பேசிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சின்னதாகத் தொழில் நடத்துகிற பலர் என்னிடம் கேட்பது இதுதான்: கையில் பணம் இல்லை, முடிவு தப்பாகிவிட்டது, இதையெல்லாம் வேலை செய்கிறவர்களிடம் சொல்லலாமா? சொன்னால் மதிப்பார்களா? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எங்கள் அப்பாவிடம் இருந்து வந்த பயம் அது. 2000 வாக்கில் நீலகிரியில் பச்சை இலை விலை அடியோடு விழுந்தபோது, அவர் ராத்திரி முழுக்கக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பார். காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் ஃபேக்டரிக்குப் போவார். முதலாளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் மனதில் பதிய வைத்துக்கொண்டேன்.

சரி, போன வருஷத்துக் கதைக்கு வருகிறேன். வெளியூர் வியாபாரி ஒருவருக்கு முன்பணம் வாங்காமல் பெரிய சரக்கு அனுப்பினேன். பணம் வரவில்லை. முடிவு முழுக்க என்னுடையது. யாரிடமும் சொல்லாமல் செலவைக் குறைக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்று விறகு. தூளைச் சூட்டில் உலர்த்துகிற டிரையருக்கு எப்போதும் வாங்குகிற காய்ந்த விறகை நிறுத்திவிட்டு, விலை குறைவாகக் கிடைத்த ஈர விறகை இறக்கினேன். ஏன் மாற்றினேன் என்று டிரையரில் நிற்கிற அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. கூலி தள்ளிப்போனதற்கு, “பேங்க்கில் சின்னச் சிக்கல், எல்லாம் சரியாகிவிடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

தேயிலை விஷயம் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று புரிந்திருக்கும். டிரையரில் இருந்து வெளியே வரும்போது தூளில் ஈரம் 3 சதவீத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால், பைக்குள் போன பிறகு வாடை வந்துவிடும். 120 கிலோ அப்படித் திரும்பி வந்தது. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 540 கிலோ கொழுந்து. மழையில் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அக்காக்கள் பறித்த கொழுந்து அது.

டிரையர் அண்ணனைக் கேட்டேன். சூடு ஏறவில்லை என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. “நீயே எதையோ மனசுல போட்டுப் பூட்டிக்கிட்டு இருக்கம்மா. இதையும் சொல்லி உன்னை நோகடிக்க வேணாம்னு இருந்துட்டேன்” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. நான் மறைத்தேன், அதைப் பார்த்து அவரும் மறைத்தார்.

அப்புறம் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, ஹார்வர்டில் இருக்கிற ஆமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியரின் ஆய்வு கண்ணில் பட்டது. 1990களில் அவர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்கிற குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், கணக்கு நேர்மாறாக வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் நடந்த தவறைப் பயமில்லாமல் வெளியே சொல்லியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் மூடி வைத்திருக்கிறார்கள். சொல்வதும் மூடுவதும் அங்கே தலைமையில் இருக்கிற செவிலியர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்து இருந்தது. படித்தபோது எனக்கு எங்கள் டிரையர் அண்ணன் முகம்தான் வந்தது.

அந்த வாரமே மாலை டீ நேரத்தில் பதினாலு பேரையும் உட்கார வைத்தேன். எவ்வளவு பணம் வரவேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது, முன்பணம் வாங்காமல் அனுப்பியது என் தப்பு, விறகை மாற்றியதும் நான்தான் என்று சொன்னேன். குரல் நடுங்கியது, அதை மறைக்கவில்லை. தூள் சலிக்கிற பாட்டி ஒருவர், “பாப்பா, கூலி என்னைக்குன்னு தேதி சொல்லு. மளிகைக் கடைக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். மூன்று வாரமாக “சரியாகிவிடும்” என்று நான் சொன்னதை வைத்து, அவரால் கடையில் ஒரு கிலோ அரிசிகூடக் கடன் கேட்க முடியவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை. தேதி சொன்னேன், பாதி அன்றைக்கு, மீதி பத்து நாளில் என்று. இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, முழு விவரம் தெரிந்து எடுத்த முடிவு அது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மனதில் இருப்பதையெல்லாம் அங்கே கொட்டக் கூடாது. அழுகை வந்தது, அதை என் அக்கா வீட்டில் போய் அழுதேன். கூலி பாக்கி இருக்கிற ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை வரவே கூடாது. தொகை, தேதி, என் தப்பு, அடுத்து நான் செய்யப்போவது, இவ்வளவும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நமக்கு இலை கொடுக்கிற சிறு விவசாயிகளுக்கும் அப்படித்தான். தேதி தெரிந்தால்தான் அடுத்த இலையை எந்த ஃபேக்டரிக்குக் கொடுப்பது என்று அவர்கள் முடிவெடுக்க முடியும்.

இன்றைக்குக் காலையில் நான் வண்டியை நிறுத்துவதற்குள் டிரையர் அண்ணன் குடையோடு ஓடி வந்தார். “நேத்து வந்த விறகுல பாதி ஈரம். இன்னைக்கு ஏத்த வேணாம், பழசு கொஞ்சம் இருக்கு, அதை வச்சு ஓட்டிக்கலாம்” என்றார். பழைய விறகு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று இப்போது இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கப்போகிறோம். வருகிறேன்.