பழகப் பழகப் பாலும் புளிக்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'கணினி பயம் தீர்வது பழகிய காலத்தாலா, பழகிய விதத்தாலா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணன் என்ன சொன்னார்? கணினியும் சைக்கிள் மாதிரிதானாம். நாள் ஆக ஆகப் பயம் தானாகப் போய்விடுமாம். அண்ணே, சைக்கிளில் விழுந்தால் முட்டிதான் சிராய்க்கும். வங்கிக் கணினியில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்தால் மெமோ வரும்!

நான் 31 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கிளைக்கு ஏ.எல்.பி.எம். வந்தது. லெட்ஜரில் கையால் எழுதுவதற்குப் பதிலாகப் பதிவு போடும் எந்திரம். அதற்கு ஏசி அறை, எங்களுக்கு மின்விசிறி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குள் போனாலாவது மனசு லேசாகும். இங்கே மேலாளர் சொன்ன முதல் பாடம், "கண்டதையும் தொடாதீங்க, கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

எங்கள் சீனியர் ஒருவர் இருந்தார். அவர் எழுதிய லெட்ஜரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அடித்தல் திருத்தல் கிடையாது. அவருக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்து எந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தார்கள். அது அவரைப் பார்த்து நாள் முழுக்க பீப் அடித்தது. சாயங்காலம் டாலி ஆகாமல் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார். இளவட்டங்கள் சிரிப்பார்கள். இப்படி இரண்டு வருடம். எதிரணிக் கணக்குப்படி பயம் போயிருக்க வேண்டுமே? போனது. அந்த இடத்தில் வெறுப்பு வந்து உட்கார்ந்தது! பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்புறம் ஒரு அரையாண்டு வட்டி. அப்போதெல்லாம் சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி முதல் கடைசித் தேதி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. (தினசரி இருப்புக்கு வட்டி என்பது 2010 ஏப்ரலில்தான் வந்தது.) மிஷின் போட்டாலும் நம்பிக்கை இல்லாமல், பரோட்டா பார்சல் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கையாலும் போட்டுப் பார்ப்போம். அந்தத் தடவை புதிதாக வந்திருந்த அதிகாரியம்மா சீனியரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "சார், நாலு கணக்குக்கு நீங்க வவுச்சரை வச்சுப் போடுங்க. மிஷினும் போடட்டும். யார் சரின்னு பார்ப்போம்" என்றார்.

மூன்று ஒத்துப்போனது. நாலாவது உதைத்தது. தேடினால், 10ஆம் தேதி கட்டிய பணத்தை 11 என்று ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியவன், சிரித்த இளவட்டங்களில் ஒருவன்! அன்றைக்குத்தான் சீனியர் அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் காலையில் அவராகவே போய் அதை ஆன் செய்தார்.

1987-இல் ரோசன், சியர்ஸ், வெயில் என்று மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி பயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வெறும் அனுபவம் கூடுவதால் அந்தப் பயம் தீருவதில்லை என்றுதான் அவர்களும் கண்டார்கள். எங்கள் சீனியரைக் கேட்டிருந்தால் செலவே இல்லாமல் சொல்லியிருப்பார்.

வங்கி ஊழியர் சங்கங்களும் கணினியை எதிர்த்துவிட்டுப் பழகிக்கொண்டன என்றார் அண்ணன். அவர்கள் பயந்தது கணினிக்கா? வேலை போய்விடும் என்று. அதனால்தான் 1983-இல் நிர்வாகங்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குப் பெயர் பழக்கம் இல்லை அண்ணே, பேச்சுவார்த்தை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒன்றே ஒன்று. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் 15 வருடமாக ஏடிஎம்மில் பணம் எடுத்தவர். ஒரு நாள் கணக்கில் கழிந்தது, நோட்டு வரவில்லை. விதிப்படி 5 நாளில் திரும்ப வர வேண்டிய பணத்துக்கு மூன்று வாரம் அலைந்தார். இன்றைக்கும் பணம் எடுக்கும் சீட்டை எழுதிக்கொண்டு கவுண்டர் வரிசையில்தான் நிற்கிறார். எதிரணி அண்ணன் அவரிடம் போய், "இன்னும் கொஞ்சம் பழகுங்க ஐயா" என்று சொல்லிப் பார்க்கட்டும். நன்றி, வணக்கம்.