கெட்ட சேதிய இங்கிலீஷ்ல எப்படி சொல்றது – வாசகர் வட்டக் கூட்டத்துல நான் பேசினது

எல்லாருக்கும் வணக்கமுங்க. மேடையில இருக்கிற வாசகர் வட்டத் தலைவர் ஐயா, இந்த வெயில்லயும் நேரத்துக்கு வந்து முதல் வரிசையில உக்காந்திருக்கிற வார்டு கவுன்சிலர் அம்மா, பிளஸ் டூ பொண்ணுங்களக் கூட்டிட்டு வந்திருக்கிற தலைமை ஆசிரியை அம்மா, மைக்குக்கும் சேருக்கும் ஒத்த ரூபா வாங்க மாட்டேன்னுட்ட பந்தல் கடை அண்ணன், அப்புறம் இந்த ஊர்ல முப்பது வருசமா வீடு வீடா பேப்பர் போட்ட பெரியவர், அவரும் இங்க வந்திருக்காரு, அவருக்குத்தான் இந்தப் பொன்னாடையப் போர்த்தணும்னு நான் கேட்டுக்கிட்டேன், போர்த்தினீங்க, ரொம்ப சந்தோசம்.

எங்க அம்மா அடிக்கடி சொல்லும், வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு. இன்னிக்கு இதுதான் எம் பேச்சு. மூணு விசயம் சொல்லலாம்னு வந்திருக்கேன். கெட்ட சேதிய இங்கிலீஷ்ல சொல்றது, துக்கம் விசாரிக்கிறது, முடியாதுன்னு சொல்றது.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருந்தவன், அதாவது துணி வாங்குற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல நின்னு ஆர்டரப் பாத்துக்கிற ஆள். லண்டன்ல ஒரு பையர் அம்மா, எங்களுக்கு வருசக்கணக்கா ஆர்டர் குடுத்தவங்க. ஒரு தடவ நேவி புளூ டீ-ஷர்ட், பாடி ஒரு ஷேடு வந்துருச்சு, காலர் ரிப் ஒரு ஷேடு வந்துருச்சு. டியூப்லைட்டுக்கு கீழ பாத்தா ஒண்ணுதான்னு தோணும், வாசல்ல வெயில்ல கொண்டு போய் விரிச்சா காலர் மட்டும் கத்திரிப்பூ கலர்ல நிக்குது. மறுபடி சாயம் போடணும், தைக்கணும், 11 நாள் லேட்டாகும். இத அந்தம்மாகிட்ட சொல்ற பொறுப்பு எனக்கு. ராத்திரி ஒம்போது மணிக்கு உக்காந்து எழுதினேன். வித் டியூ ரெஸ்பெக்ட்னு ஆரம்பிச்சு, உங்க உடல்நலம் எப்படின்னு கேட்டு, நம்ம நீண்டகால உறவப் பத்தி நாலு வரி எழுதி, டியூ டு அன்அவாய்டபிள் சர்கம்ஸ்டான்சஸ்னு போட்டு, கைண்ட்லி கோ-ஆப்பரேட் அண்ட் டூ த நீட்ஃபுல்னு முடிச்சேன். 11 நாள்ங்கிறது மூணாவது பாராவுல நடுவுல எங்கயோ கெடக்குது. காலைல பதில் வந்துச்சு, ஒரே வரி. ஆர் யூ டெல்லிங் மீ த ஆர்டர் இஸ் லேட்? அவ்வளவுதான். எனக்கு கை நடுங்கிருச்சுங்க.

அப்ப ஷிப்பிங் செக்‌ஷன்ல ஒரு பெரியவர் இருந்தாரு, தூத்துக்குடி துறைமுகத்துல பல வருசம் வேல பாத்துட்டு வந்தவர். மெயில பிரிண்ட் எடுத்துட்டு வரச் சொன்னாரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு சிவப்புப் பேனாவுல மேல இருந்து ரெண்டு பாராவ அடிச்சாரு. அடிச்சுட்டு கேட்டாரு, "தம்பி, வெளியூர்ல இருக்கிற புள்ளைக்கு அப்பா தவறிட்டாருன்னா நாம என்ன சொல்லிக் கூப்பிடுவோம்?" நான் சொன்னேன், அப்பாவுக்கு ஒடம்பு முடியல, கெளம்பி வான்னு சொல்லுவோம். "அதேதான் இங்கயும் பண்ணி வெச்சிருக்க. பஸ்ல வர்ற வரைக்கும் தாங்கட்டும்னு நாம மறைக்கிறோம், அது நம்ம ஊர்ல அன்பு. அந்தம்மாவுக்கு கடையில சட்ட தொங்கணும், தேதி மொதல்ல தெரிஞ்சாத்தான் அவங்க வேற வழி பாக்க முடியும், அவங்களுக்கு அதுதான் அன்பு"ன்னாரு. அப்புறம் அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். ஐ'ம் அஃப்ரெய்ட் திஸ் ஆர்டர் வில் பி லெவன் டேஸ் லேட். அடுத்த வரி, காலரும் பாடியும் ஷேடு சேரல, அந்தத் தப்பு எங்களுது. அதுக்கடுத்த வரி, பாதிய ஏர்ல எங்க செலவுல அனுப்புறோம். மொத்தமே அஞ்சு வரி. மத்தியானம் பதில் வந்துச்சு, தேங்க்யூ ஃபார் பீயிங் கிளியர்னு. ஆர்டர் கேன்சல் ஆகல. வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு அம்மா சொன்னது அன்னிக்குத்தான் எனக்கு முழுசா வெளங்குச்சு. வாய்னா நெறைய பேசறது இல்ல, கேக்கறவங்க காதுக்குப் பேசறது.

ஐ'ம் அஃப்ரெய்ட்னா பயமா இருக்குன்னு நான் அதுவரைக்கும் நெனச்சிருந்தேன். மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஆனா சொல்லித்தான் ஆகணும்னு அர்த்தம். டிக்‌ஷனரில தேடினா மொதல்ல பயம்தான் வரும். ஆள் சொன்னாத்தான் மத்தது தெரியும்.

ரெண்டாவது, துக்கம். அடுத்த வருசம் அதே அம்மாவோட அப்பா எறந்துட்டாரு. நான் எழுதினேன், ஐ கேம் டு நோ யுவர் ஃபாதர் எக்ஸ்பயர்ட். நம்ம ஊர்ல டாக்டரே அப்படித்தான் சொல்றாரு, காலமானார்ங்கிற மரியாதைதான் அதுல இருக்குன்னு நெனச்சேன். ஆனா அங்க இன்னிக்கு பேச்சுல எக்ஸ்பயர் ஆகறது பாஸ்போர்ட்டும் பால் பாக்கெட்டும். ஐ'ம் சோ சாரி டு ஹியர் அபவுட் யுவர் ஃபாதர்னு எழுதியிருந்தா போதும், சாவுங்கிற வார்த்தையே வேண்டியதில்ல. அது பல வருசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னும் மனசுல உறுத்துது.

இதுல நாம தாழ்ந்துட்டோம்னு யாரும் நெனைக்க வேண்டாம். டூ த நீட்ஃபுல், அதாவது ஆக வேண்டியதப் பண்ணுங்கங்கிறது, வெள்ளக்காரங்களே எழுதிட்டு இருந்ததுதான், அவங்க விட்டுட்டாங்க, நாம வெச்சிருக்கோம். ரிவர்ட்னா பதில் போடுங்கன்னு நமக்கும் சிங்கப்பூர்க்காரங்களுக்கும் நல்லாவே புரியும், நமக்குள்ள தாராளமா எழுதலாம். வார்த்தைய மெதுவாக்குறது நமக்கு யாரும் கத்துக்குடுக்க வேண்டியதே இல்ல. நன்னூல் எழுதின பவணந்தி முனிவர், நம்ம பெருந்துறை பக்கம் சீனாபுரத்துக்காரர்னு சொல்லுவாங்க, அவரு இதுக்கு இலக்கணமே வெச்சிருக்காரு, மங்கலம்னு, கெட்டத நல்ல வார்த்தையால சொல்றது. செத்தார்னு சொல்லாம துஞ்சினார்னு சொல்லணும், சுடுகாட்ட நன்காடுன்னு சொல்லணும். இன்னிக்கும் வாசப்படி தாண்டும்போது போறேன்னு சொல்ல மாட்டோம், போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுவோம். இங்கிலீஷ்லயும் இந்த மாதிரி ஒரு மங்கலம் இருக்கு, ஆனா நம்ம மங்கலத்த அப்படியே தூக்கி அங்க வெச்சா நிக்காது. அவங்களுத கேட்டுக் கேட்டுத்தான் புடிக்கணும்.

கேக்கறதுக்கு எங்க போறது? நான் முக்கியமா சொல்ல வந்ததே இதுதான். எனக்கு அந்தப் பெரியவர் கெடச்சாரு. இந்தப் பொண்ணுங்களுக்கு யாரு? நம்ம கிளை நூலகம் சாயங்காலம் இவங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள பூட்டிருது. நூலகத்துக்கு சட்டம் நம்ம மாகாணத்துல 1948லயே வந்துச்சு, அதுக்குப் பாடுபட்ட ரங்கநாதன் ஐயா 1892ல சீர்காழில பொறந்தவர், 1931லயே எழுதி வெச்சிட்டாரு, வாசகரோட நேரத்த மிச்சப்படுத்தணும்னு. வீட்டு வரியோட சேத்து நூலக வரியும் நாம கட்டிட்டுத்தான் இருக்கோம். ராத்திரி எட்டு மணி வரைக்கும் தொறந்து வைக்கணும், வாரத்துல ஒரு நாள் ஒரு மேசை போடணும், கம்பெனில, பேங்க்ல, பனியன் எக்ஸ்போர்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க அங்க உக்காரணும். லீவ் லெட்டரோ, துக்க மெயிலோ, வேலைய விடுறேங்கிற லெட்டரோ, எதுவா இருந்தாலும் புள்ளைங்க கொண்டு வந்து காட்டட்டும். வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு வீட்ல சொல்லிட்டா ஆச்சா, வாயத் தொறந்து பழக ஒரு எடம் வேணுமில்லீங்களா?

மூணாவது, முடியாதுன்னு சொல்றது. நாம "பாக்கலாம்"னா முடியாதுன்னு அர்த்தம், ஐ வில் ட்ரைன்னு எழுதினா அவங்க நடக்கும்னு காத்துட்டு இருப்பாங்க, அவ்வளவு மட்டும் இப்ப ஞாபகம் வெச்சுக்குங்க, தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிட்டாரு.

வாசப்பக்கம் மேசையில நூலகத்துக்கான மனு இருக்கு, பேனா கட்டி வெச்சிருக்கோம். கவுன்சிலர் அம்மா முதல் கையெழுத்து போடறதா சொல்லியிருக்காங்க. எழுத வராத பாட்டிங்க இருந்தா நானே பக்கத்துல உக்காந்து பேர் எழுதித் தர்றேன், வாங்க.